ஆய்வகமற்ற வேதியியல் யாருக்கு லாபம்?

கொல்கத்தாவின் நியூ டவுனில் மேல்நிலை வேதியியல் பயில்வதும் பணத்தைப் பொறுத்ததாகிவிட்டது. வசதியுள்ளோருக்குத் தனியார் பள்ளியும் பயிற்சி மையமும் உண்டு. அவர்களின் கட்டடங்களை எழுப்பியோரின், வீடுகளைத் துலக்குவோரின் பிள்ளைகளுக்கு அரசு உதவி பெறும் பள்ளியே கதி.

அப்பள்ளிகளின் நிலை என்ன? திரிணாமுல் ஆட்சியின் நியமன ஊழலால், 2025 ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் சுமார் 26,000 ஆசிரியர், ஊழியர் நியமனங்களை ரத்து செய்தது. லஞ்சம் கொடுக்காதவர்களும் வேலையிழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். அதே ஆண்டில் மேல்நிலைத் தேர்வு பருவமுறைக்கு மாறியது. வேதியியலின் 70 எழுத்து மதிப்பெண்களில் 35, ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்புவதற்கு! மீதி 35 விரிவான விடைக்கும், 30 செய்முறைக்கும் உள்ளதே என்பர். கற்பிக்க ஆசிரியரின்றி விளக்கம் எங்கிருந்து வரும்? சோதனைக் குழாயைத் தொடாத மாணவர் வீழ்படிவின் நிறத்தை மனப்பாடம்தான் செய்வார்.

ஒன்றிய பாஜக அரசின் கைவரிசை வேறு. என்சிஇஆர்டி நூல்களிலிருந்து சுற்றுச்சூழல் வேதியியலும் பலபடிகளும் ‘சுமைக் குறைப்பு’ என நீக்கப்பட்டன. போபாலைக் கண்ட நாட்டில் சுற்றுச்சூழல் வேதியியல் சுமையாம்! பிரபுல்ல சந்திர ராய் உருவாக்கிய பெங்கால் கெமிக்கல்ஸை 2016இல் விற்கத் துணிந்ததும் இதே அரசுதான்.

காலியிடங்களை நேர்மையாக நிரப்புக. பள்ளிதோறும் ஆய்வகம் அமைத்திடுக. நீக்கிய பாடங்களை மீட்டளித்திடுக. அறிவியல் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் உரிமை. அதைப் போராடியே மீட்க வேண்டும்.