மாத்திரையும் தாய்ப்பாலும்

காக்காய்வலிப்புக்கு மருந்துண்ணும் தாய் சிசுவுக்குப் பால் கொடுக்கலாகாதென்னும் எண்ணம் காஞ்சீபுரத்து நெசவாளர் வீதிகளில் இன்னும் நீங்கினபாடில்லை. மருந்து பாலில் கலப்பது மெய்யே. ஆயினும் கார்பமாஸெபின், பெனிடாயின், வால்ப்ரோயேட் முதலியன பாலில் செல்லும் அளவு சொற்பம். (கர்ப்பகாலத்தில் வால்ப்ரோயேட் விளைக்கும் தீங்கு வேறு விஷயம்.) அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்து 2014-ல் வெளியான ஆராய்ச்சியில், இத்தகைய தாய்மாரின் பாலருந்திய குழந்தைகள் ஆறு வயதில் புத்திக்கூர்மையில் மற்றவர்களுக்குச் சற்றும் இளைக்கவில்லை. பெனோபார்பிடோன் போன்ற மயக்கந்தரும் மருந்துகளில் மாத்திரம், குழந்தை ஓயாதுறங்கினாலோ பால் குடிக்கச் சோர்ந்தாலோ உடனே வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

நாம் அஞ்சுவது மற்றொன்று. பால் கொடுக்கும் ஆசையால் மாத்திரையை ரகசியமாய் நிறுத்திவிடும் பெண்ணுக்கு, குழந்தை மடியிலிருக்கும்போதே வலிப்பு வந்தால் என்னாவது? இரவெல்லாம் கண்விழித்தாலும் வலிப்பு வரும். ஆகவே அவள் தரையில் பாயிலமர்ந்து பால் கொடுக்கட்டும். கறந்து வைத்த பாலை இரவில் ஒருவேளை மாமியார் புகட்டட்டும். புருஷனும் எழுந்திருந்தால் குடி முழுகிவிடாது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய ஸ்தாபனம் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென 1998-லேயே பதிவேடு தொடங்கியது. நமது சர்க்கார் அவ்வளவு தூரம் போவதற்கு முன்பாக, பிரசவமான தாய் வீடு திரும்புகையில் கொடுக்கும் சீட்டில், "மாத்திரையை நிறுத்தாதே, பாலையும் நிறுத்தாதே, சந்தேகமிருந்தால் வந்து கேள்" என்று தமிழில் அச்சிட்டுத் தர உத்தரவிடட்டும்.