குறி தப்பாத சிப்பாய்!
பட்டாளத்தின் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போட்டி உதவுமா?

மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறி ஊட்டிக்குப் போகிறவர்கள், குன்னூரைத் தாண்டியதும் ஒரு சின்ன ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் வெலிங்டன். அதற்கு அடுத்த ஸ்டேஷன் அரவங்காடு.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நம் ராணுவத்தில் தனி இடம் உண்டு.

வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1758-ம் ஆண்டு வரை வேர் விட்ட பழம்பெரும் பட்டாளம் இது. "வீர மதராசி! அடி கொல்லு! அடி கொல்லு!" என்பது அதன் போர் முழக்கம். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய தென்னாட்டுப் பகுதிகளில் இருந்து வரும் பையன்கள் இங்கேதான் சிப்பாய்கள் ஆகிறார்கள்.

அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில், 1904-ம் ஆண்டு வாக்கில், அங்கே உற்பத்தி ஆரம்பமாயிற்று. துப்பாக்கியில் இருந்து குண்டைத் தள்ளுகிற மருந்து அங்கே தயாராகிறது.

ஓர் ஊரில் மருந்து. பக்கத்து ஊரில் துப்பாக்கி பிடிக்கும் கை. இரண்டும் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. குறி வேண்டும்!

அந்தக் குறியை வளர்ப்பது எப்படி என்பதுதான் இப்போது பல நாட்டுப் பட்டாளங்களும் யோசிக்கிற விஷயம். "போட்டி வையுங்கள், குறி தானாக வளரும்" என்கிறார்கள் சிலர். "போட்டி வேறு, போர் வேறு" என்கிறார்கள் வேறு சிலர். யார் சொல்வது சரி?

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

துப்பாக்கி சுடுவது சுலபம் என்று சினிமா பார்ப்பவர்கள் நினைக்கலாம். சுலபம் அல்ல.

துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு குறிகாட்டி இருக்கும். முன்பக்கம் இன்னொன்று இருக்கும். இரண்டையும் இலக்கோடு ஒரே நேர்கோட்டில் நிறுத்த வேண்டும். இரண்டு குறிகாட்டிகளுக்கும் நடுவே அரை மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். முன் குறிகாட்டி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 300 மீட்டருக்கு அப்பால் குண்டு 60 சென்டிமீட்டர் விலகிப் போய்விடும். அதாவது இரண்டு அடி! நெஞ்சுக்குக் குறி வைத்தால் குண்டு தோளுக்கு வெளியே போகும்.

மூச்சு விட்டால் துப்பாக்கி ஆடும். விசையை வெடுக்கென்று இழுத்தால் குழல் திரும்பிவிடும். வெடிச் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடினாலும் குறி போய்விடும்.

இதற்காகவே குண்டு போடாத துப்பாக்கியை வைத்துப் பழகுகிறார்கள். குழலின் நுனியில் ஒரு காசை வைப்பார்கள். விசையை இழுக்கும்போது காசு கீழே விழக் கூடாது. குண்டுச் செலவு இல்லாத, அருமையான பயிற்சி இது.

மலையில் சுடுவது இன்னும் கஷ்டம். மேட்டை நோக்கிச் சுட்டாலும் சரி, பள்ளத்தை நோக்கிச் சுட்டாலும் சரி, குண்டு நினைத்த இடத்துக்குச் சற்று மேலே போகும். காரணம், பூமியின் இழுப்பு சாய்ந்த தூரம் முழுவதற்கும் குண்டைக் கீழே வளைப்பதில்லை. சமதரையில் அளந்த தூரத்துக்குத்தான் வளைக்கிறது. நீலகிரி போன்ற உயரத்தில் காற்றும் மெலிந்து இருக்கும். அது குண்டைத் தடுப்பது குறைவு. போதாக்குறைக்கு மூடுபனி வந்துவிட்டால் இலக்கே தெரியாது. நம் நாட்டின் வடக்கு எல்லையில் பெரும்பகுதி மலைதான். அதனால் மலையில் பழகுவது வீண் போகாது.

ராணி சுட்ட முதல் குண்டு

துப்பாக்கிப் போட்டி புதிய சங்கதி அல்ல.

1860-ம் ஆண்டு இங்கிலாந்தில் விம்பிள்டன் என்ற இடத்தில் பெரிய துப்பாக்கிப் போட்டி ஒன்று ஆரம்பமாயிற்று. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி! துப்பாக்கியை முன்பே குறி பார்த்து ஒரு தாங்கியில் பொருத்தி வைத்திருந்தார்கள். ராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கின் நடுவில் குண்டு பாய்ந்தது. 1890-ம் ஆண்டு முதல் அந்தப் போட்டி பிஸ்லி என்ற ஊரில் நடந்து வருகிறது.

ஆனால் போட்டி நடந்ததால் பட்டாளத்தின் குறி வளர்ந்ததா? இல்லை!

1899-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. போயர்கள் விவசாயிகள். வேட்டையாடிப் பழகியவர்கள். பள்ளம் தோண்டி ஒளிந்துகொண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறி பார்த்துச் சுட்டார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களோ வரிசையாக நின்று, அதிகாரி உத்தரவு போட்டதும் ஒன்றாகச் சுட்டுப் பழகியவர்கள். அந்த டிசம்பர் மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று தோல்விகள்!

40 வருஷமாகப் போட்டி நடந்தும் ஏன் இந்த நிலை? போட்டியில் சுட்டது கைதேர்ந்த சிலர். யுத்தத்தில் சுட்டது சாதாரண சிப்பாய். போட்டி ஒரு பக்கம் நடந்தது. பட்டாளப் பயிற்சி இன்னொரு பக்கம் நடந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை.

ஒரு நிமிஷத்தில் 15 குண்டு

அந்த அடிக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சிப்பாயும் தேற வேண்டிய ஒரு சோதனையை வைத்தார்கள். 300 கஜத்தில் உள்ள இலக்கை, ஒரே நிமிஷத்தில் 15 முறை குறி பார்த்துச் சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ள வேண்டிய காலம் அது! நன்றாகச் சுடுகிறவர்களுக்குச் சம்பளத்தோடு கூடுதல் பணமும் கிடைத்தது.

1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பெல்ஜியத்தில் மோன்ஸ் என்ற இடத்தில் இந்தச் சிப்பாய்கள் ஜெர்மன் படையை எதிர்த்தார்கள். சரமாரியாக வந்த குண்டுகளைப் பார்த்து, எதிரே ஏகப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகள் இருப்பதாக ஜெர்மானியர்கள் நினைத்ததாகச் சொல்வார்கள். உண்மையில் ஒரு பட்டாலியனுக்கு இரண்டே இயந்திரத் துப்பாக்கிகள்தான் இருந்தன. மற்றதெல்லாம் சாதாரணச் சிப்பாயின் கைவேலை!

போயர் யுத்தத்துக்கும் இதற்கும் நடுவே 15 வருஷம்கூட இல்லை. சிலருக்கு மட்டும் இருந்த திறமை எல்லோருக்கும் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டே சுடும் போட்டி

இன்று பேசப்படும் போட்டி வேறு வகை. இதில் ஆள் ஓரிடத்தில் படுத்துக்கொண்டு சுடுவது இல்லை. ஓடுவார், மண்டியிடுவார், சுவருக்குப் பின்னால் மறைவார், ஜன்னல் வழியாகச் சுடுவார். குண்டு தீர்ந்தால் ஓடிக்கொண்டே மாற்றுவார்.

இதற்கு விதை போட்டவர் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர். கடற்படைத் தரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். 1950-களின் கடைசியில், கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கிப் போட்டிகள் நடத்தினார். அந்தக் காலத்தில் பலரும் இடுப்பில் இருந்தபடியே, ஒரு கையால் சுட்டார்கள். ஜாக் வீவர் என்ற போலீஸ்காரர் மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணுக்கு நேரே தூக்கிச் சுட்டார். ஜெயித்தார்! அதைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள். பிறகு போலீஸ் படைகளுக்கும் அந்த முறை பரவியது.

மேலதிகாரி உத்தரவு போட்டு வந்த மாற்றம் அல்ல இது. போட்டியில் தோற்றவர்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டது. போட்டியின் பெரிய லாபம் இதுதான். எந்த முறை நல்லது என்று வாதம் செய்ய வேண்டியது இல்லை. கடிகாரமும் இலக்கும் சொல்லிவிடும்.

1976-ம் ஆண்டு இந்தப் போட்டிக்காக ஒரு சர்வதேசச் சங்கமும் அமைந்தது. இதில் மார்க்குப் போடும் முறை சுவாரசியமானது. வாங்கிய மார்க்கை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள்.

ஒருவர் 10 விநாடியில் 50 மார்க்கு வாங்குகிறார். வகுத்தால் 5. இன்னொருவர் அவசரப்பட்டு 8 விநாடியில் முடித்தார். ஆனால் 36 மார்க்குதான். வகுத்தால் நாலரை. மூன்றாமவர் அதே 8 விநாடியில் 48 மார்க்கு வாங்கினார். வகுத்தால் 6. அவருக்கே வெற்றி! நிதானமாகச் சுட்டவரும் ஜெயிக்கவில்லை. பதறிச் சுட்டவரும் ஜெயிக்கவில்லை. பதறாமல் வேகமாகச் சுட்டவர் ஜெயித்தார்.

போர்க்களத்தில் உயிர் பிழைப்பவரும் அவர்தானே!

நம் ராணுவத்தின் வீரர்கள்

போட்டித் துப்பாக்கியில் நம் ராணுவம் பின்தங்கி இல்லை. மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் என்ற இடத்தில் இதற்கென்றே ராணுவத்தின் பயிற்சிப் பிரிவு இருக்கிறது.

2004-ம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அவர் அப்போது ராணுவ அதிகாரி. 2012-ம் ஆண்டு லண்டனில் சுபேதார் விஜய்குமார் வெள்ளி வாங்கினார். அவருடைய போட்டியில், இறுதிச் சுற்றில் ஒவ்வொரு முறையும் நாலு விநாடிக்குள் ஐந்து குண்டு சுட வேண்டும். கண் சிமிட்டினால் போயிற்று!

இவை நாட்டுக்குப் பெருமை. சந்தேகமே இல்லை. ஆனால் ஒலிம்பிக் துப்பாக்கி வேறு. சிப்பாய் தோளில் சுமக்கும் துப்பாக்கி வேறு. நாலு பேர் பதக்கம் வாங்கினால், நாலு லட்சம் பேரின் குறி வளர்ந்துவிடாது. பிஸ்லி சொன்ன பாடம் அதுதான்.

ஆஸ்திரேலியாவின் தரைப்படை வேறு வழியில் போகிறது. பக்கபன்யால் என்ற இடத்தில் பல நாட்டுப் பட்டாளங்களை அழைத்துப் போட்டி வைக்கிறது. அவரவர் பட்டாளம் யுத்தத்துக்கு எடுத்துப்போகும் துப்பாக்கியைக் கொண்டே சுட வேண்டும். அங்கே பல ஆண்டுகள் முதலிடத்தைத் தட்டிச் சென்ற நாடு எது தெரியுமா? இந்தோனேசியா! சொந்த நாட்டில் செய்த துப்பாக்கியோடு போய்ப் பணக்கார நாடுகளை ஜெயித்தது.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

போட்டி கூடாது என்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

போட்டியில் எதிரி திருப்பிச் சுடுவது இல்லை. இலக்குகள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே நடந்து பார்த்துக்கொள்ளலாம். ஒரு விநாடியை மிச்சம் பிடிக்க மறைவைவிட்டு வெளியே வந்து சுடுகிறவர்களும் உண்டு. போரில் அப்படி வெளியே வந்தால் என்ன ஆகும்? கெட்ட பழக்கம் கையில் ஊறிவிட்டால், ஆபத்து நேரத்திலும் அதுதான் வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கோப்பை வாங்க வேண்டும் என்ற ஆசையில், பட்டாலியனில் உள்ள நல்ல சுடுவீரர்கள் ஐந்து பேரைப் பொறுக்கி, அவர்களுக்கே எல்லாக் குண்டையும் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் கை தட்டுவதோடு சரி. கோப்பை அலமாரியில் இருக்கும். குறி எல்லையில் இருக்காது!

செய்ய வேண்டியது

ஆகவே போட்டி வேண்டும். ஆனால் சரியான போட்டி வேண்டும்.

முதலாவது, சிப்பாய் எந்தத் துப்பாக்கியோடு காவல் நிற்கிறாரோ, அதே துப்பாக்கியால் சுட வேண்டும். அதே உடுப்பு, அதே சுமையோடு சுட வேண்டும்.

இரண்டாவது, இலக்குகள் எங்கே இருக்கும் என்று முன்னால் காட்டக் கூடாது. மறைவைவிட்டு வெளியே வந்தால் மார்க்கைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது, போட்டிக்குப் போகிறவர்களைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. அன்று காலையில் சீட்டுக் குலுக்கி ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பிரிவில் உள்ள சமையற்காரர், டிரைவர் எல்லோரும் சுட வேண்டும். எல்லோருடைய மார்க்கையும் கூட்டிச் சராசரி பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் கெட்டிக்காரர் தன் கோப்பையை மட்டும் பார்க்கமாட்டார். பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பார்!

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு அக்னிபாத் திட்டம் வந்தது. அதன்படி சேரும் அக்னிவீரர்களுக்கு நாலு வருஷம்தான் வேலை. அதில் பயிற்சி ஏறக்குறைய 6, 7 மாதங்கள். நாலு வருஷம் முடிந்ததும் நாலில் ஒரு பங்கு பேர் வரைதான் தொடர்ந்து பட்டாளத்தில் இருக்க முடியும். பத்து வருஷம் பட்டாளத்தில் இருந்து நிதானமாகக் கற்றுக்கொள்ளும் வசதி பலருக்கு இல்லை. சீக்கிரம் கற்க வேண்டும். கற்றதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கிக் குறி, பாட்டுப் போல. சாதகம் விட்டால் சுருதி போய்விடும். மாதம் ஒரு போட்டி இருந்தால், சிப்பாய் தானாகவே காசை வைத்துப் பழகுவார்.

செலவாகுமே என்று கேட்கலாம். ஆகும்தான். ஆனால் காசு வைத்துப் பழகுவதற்குச் செலவே இல்லை. மீதிச் செலவு குண்டுக்கு. வெலிங்டனுக்குப் பையனை வழியனுப்பிவிட்டு, ஊரில் தபாலையும் டெலிபோனையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பனிடம் கேட்டுப் பாருங்கள். எல்லையில் ஒரு குண்டு குறி தப்பினால், அதற்கு விலை ரூபாயில் இல்லை.