உருவமும் உமியும்

‘அதே விளையாட்டுத்தான், இப்போது கைபேசியில்’ என்கிறார்கள் நண்பர்கள். இல்லை என்கிறேன் நான்.

மாத்யூ ஸ்மித் 1983இல் எழுதிய ‘மானிக் மைனர்’, பிரிட்டனின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கானது. 48 கிலோபைட் நினைவகம், 40 ரப்பர் விசைகள். விளையாட்டில் 20 குகைகள், 3 உயிர்கள். இடம், வலம், தாவல்: இவ்வளவே அதன் மொழி. தாவிய பின் நடுவானில் திசை மாற்ற முடியாது. உயிர்கள் தீர்ந்தால் மீண்டும் முதல் குகை. இந்தக் கறார்தான் அதன் உருவம்.

பழைய கணினியாக நடிக்கும் எமுலேட்டர் அதன் மூளையைத் துல்லியமாகவே நடிக்கிறது. விரல்தான் அதற்கு வசப்படவில்லை. கண்ணாடியில் விசைக்கு விளிம்பு கிடையாது. கட்டைவிரல் தடவுகிறது, கண் அதன் பின்னால் போகிறது, அதற்குள் ஆள் செத்திருப்பான். நான் வெட்கமின்றி, தாவுமுன் சேமித்து வைத்த கணத்துக்குத் திரும்புகிறேன். இப்படியே இருபது குகைகளையும் கடந்தேன், ஒன்றையும் ஜெயிக்கவில்லை.

நாடாக்கள் கெட்டுப்போகும், எமுலேட்டர்தான் இவற்றைக் காக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பது வேறு, அனுபவம் வேறு. உள்ளடக்கம் வந்தால் போதும், உருவம் வெறும் உமி என்பவர்களோடு கவிதையில் மல்லுக்கு நிற்கும் நாம், இங்கே மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?