தோட்டா நிரப்ப யாருக்கு உரிமை?

யூட்யூபில் 'ரீலோடிங்' என்று தட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு தாத்தா, கார் ஷெட்டில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். சுட்டுப் போட்ட காலித் தோட்டாக்களை மறுபடியும் நிரப்பிக் கொண்டிருப்பார். அவருக்கு அது பொழுதுபோக்கு. நம்மூரில் தபால்தலை சேர்ப்பது மாதிரி!

அதிலும் சின்ன போர் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பழக்கம் அதிகம். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் என்னவோ, அதுதான் 12 போர். 28 உருண்டையாக்கினால் 28 போர். எண் கூடக் கூடக் குழாய் சிறுக்கும். 410 மட்டும் விதிவிலக்கு. அது அங்குலக் கணக்கு, 0.410 அங்குலம். இந்தச் சின்னத் தோட்டாக்கள் 12 போரை விட விலை அதிகம். அதனால் வீட்டிலேயே நிரப்பினால் காசு மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. மருந்து மாறினாலோ, அளவு தவறினாலோ குழாய் வெடித்துக் கை போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சரி, இதையே காட்டுப்பாக்கத்தில் ஒரு பையன் செய்தால் என்ன ஆகும்?

குறைந்தது ஏழு வருஷம். அதிகபட்சம் ஆயுள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் உதிரி பாகங்களும், அதைத் தயாரிக்கும் கருவியும்கூட அந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்ற கணக்கில்தான் வரும். 2019 திருத்தத்தில் தண்டனையைக் கூட்டினார்கள். அந்தப் பையனுக்கு இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வீடியோவை மூடிவிட்டு கிரிக்கெட் ஆடப் போகலாம். நெருக்கமான குடியிருப்பில் வெடிமருந்து விளையாட்டு வேண்டாம் என்பதும் நியாயம்தான்.

ஆனால் பொழுதுபோக்குக்காக இல்லாமல், பிழைப்புக்காகத் துப்பாக்கியில் மருந்து நிரப்பிய ஒரு கூட்டம் இதே பக்கத்தில் இருக்கிறது. பூந்தமல்லி வழியாக ஆவடிக்குப் போனால் நரிக்குறவர் குடியிருப்பு. 2022 ஏப்ரலில் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் போய்ச் சாப்பிட்டு வந்தாரே, அதே ஆவடிதான். அவர்கள் கையில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. அதற்குத் தோட்டாவே கிடையாது. ஒவ்வொரு முறையும் குழாயின் வாய் வழியாக மருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி முதலிலிருந்து. நரி, முயல், காடை, கொக்கு என்று வயல்வெளியில் அவர்கள் பிழைப்பு ஓடியது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை போனது. விலங்குகள் பிழைக்க வேண்டும், அந்தச் சட்டம் தேவை. ஆனால் தொழிலைப் பிடுங்கியவர்கள் கையில் என்ன கொடுத்தார்கள்? ஊசியும் பாசிமணியும்! பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2022 டிசம்பர் வரை நாடாளுமன்றம் எடுத்துக் கொண்டது. நடுவில் ஐம்பது வருஷம். இன்றைக்கும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று உரிமமில்லாமல் குடிசையில் சிக்கினால் இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை.

உரிமம் வாங்கலாமே என்பீர்கள். ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படியுங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் கொடுக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு! நிலமே இல்லாதவன் எந்தப் பயிரைக் காட்டுவான்?

இப்போது குடகுக்குப் போவோம். அங்கே கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி வைக்க உரிமமே தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்து, 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவது அவர்கள் பண்பாடு. நல்லது, இருக்கட்டும். ஆனால் துப்பாக்கி குடகில் பண்பாடு, ஆவடியில் குற்றம் என்றால் அது என்ன நியாயம்? அங்கே நிலமும் செல்வாக்கும் இருக்கிறது. இங்கே கூடையும் பாசிமணியும்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் பாகுபாடு புதிதல்ல. 1857க்குப் பிறகு இந்தியன் கையில் நல்ல ரைபிளைக் கொடுக்கவே வெள்ளைக்காரன் பயந்தான். வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் 303 ரைபிள்களையே ஒரு தடவைக்கு ஒரு குண்டு மட்டும் சுடும் 410 மஸ்கட்டாக மாற்றிப் போலீஸுக்குக் கொடுத்தார்கள். சின்ன போர் நம் போலீஸ் கைக்கு வந்ததே அவநம்பிக்கையின் அடையாளமாகத்தான். 1878 ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரனுக்கு விலக்கு, நமக்குத் தடை. ஆள் பார்த்துச் சட்டம் போடும் புத்தியை அவனிடமிருந்து நாம் கற்றுக் கொண்டோம். அவன் போன பிறகும் விடவில்லை.

அப்படியானால் எல்லாரும் வீட்டில் தோட்டா செய்யட்டும் என்கிறதா இந்தக் கட்டுரை? இல்லவே இல்லை. வேட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறதா? அதுவும் இல்லை. கேட்பது மூன்றுதான்.

ஒன்று, பழைய நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் நரிக்குறவர் குடும்பங்களுக்கு ஒரு கால அவகாசம் கொடுங்கள். வழக்கு இல்லாமல் பதிவு செய்யட்டும், இல்லை ஒப்படைக்கட்டும்.

இரண்டு, காட்டுப்பன்றித் தொல்லைக்கு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. தலைமுறை தலைமுறையாக விலங்கின் தடம் பார்க்கத் தெரிந்தவர்களை அந்த வேலைக்குச் சம்பளத்தோடு எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்று, 2029இல் குடகுச் சலுகை மறுபடி மேஜைக்கு வரும். அப்போது நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வையுங்கள். பண்பாடு என்றால் எல்லாருடையதும் பண்பாடு. ஆபத்து என்றால் எல்லார் கையிலும் ஆபத்து.

அதே ஆவடியில் அரசாங்கம் டாங்கி செய்கிறது. அது தேசப் பெருமை. பக்கத்துக் குடியிருப்பில் ஒரு கிழவரின் துருப்பிடித்த துப்பாக்கி மட்டும் எப்படி ஐயா தேசத்துக்கே ஆபத்து ஆகும்?