தவிலில் தனி வாசிக்கும் இளைஞர்களுக்கு

திருவிழா மேடைகளில் தவில் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் நம் நாட்டு இளைஞர் பலர், ஆசிரியர் அளித்த கோர்வைகளை அப்படியே ஒப்பிக்கின்றனர். வேகத்திற்குக் கரவொலியும் கிடைத்துவிடுகிறது. சொந்தக் கற்பனைக்கு அங்கே இடமில்லை.

அக்கற்பனைக்கு வழி, தாளத்தின் தட்டிலிருந்து சொல்லின் அழுத்தத்தை விலக்கிப் பழகுவதாகும். ஆதி தாளத்தில் எட்டு அட்சரங்கள்; சதுச்ர நடையில் 32 மாத்திரைகள். கை தாளம் போட, வாய் ‘தகிட’ என்பதைப் பத்து முறை சொல்லி, இறுதியில் ‘தக’ சேர்க்கட்டும். முதலாம், நான்காம், ஏழாம் அட்சரங்களில் மட்டுமே ‘தகிட’வின் தொடக்கமும் தட்டும் சந்திக்கும். மற்ற இடங்களில் சொல் நழுவி ஓடும். அதே ‘தக’வை முன்னால் வைத்தாலோ, சந்திப்பு மூன்றாம், ஆறாம் அட்சரங்களுக்கு மாறிவிடும்! ‘தகதகிட’வை ஆறு முறை சொல்லி ‘தக’ சேர்த்தாலும் கணக்கு அதே 32தான். ஆனால் நடை முற்றிலும் வேறு. சில சொற்களை விழுங்கி அங்கே கார்வை விட்டால் மற்றுமோர் அழகு பிறக்கும்.

வாய்க்கு வசப்பட்ட பின்னரே விரற்கூடும் கழியும் தவிலைத் தொட வேண்டும். பத்துக் கோர்வைகளை மனனம் செய்வதைவிட இப்பயிற்சி ஒன்றே மேல். கணக்கு மட்டும் இசையாகிவிடாது என்பது உண்மையே. நாகசுரத்தின் போக்கைக் கேட்டு, எங்கே அடங்குவது என்பதும் தெரிய வேண்டும்.

தமிழகத்திலிருந்து கலைஞர்களை வரவழைக்கும் ஆலயங்கள், உள்ளூர்ப் பிள்ளைகளைக் கெட்டிமேளத்தோடு நிறுத்திவிடாமல், சுவாமி புறப்பாட்டின்போது பத்து நிமிடமாவது தனி வாசிக்க விட வேண்டும்.