காதை மூடும் ஹெட்செட் வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்!

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தவர்களும் வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன வாரம் கோச்சி ரோட்டுப் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். நம் மாணவன் ஒருவன் தலையில் பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்துக்கு நடுவே ரதெல்ல பக்கம் நடக்கிறான். மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். திரும்பவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் "என்ன சேர்?" என்றான். பின்னால் வந்தது நாங்கள். கோச்சியாக இருந்திருந்தால்?

இதைச் சொன்னால் சிலர் "ஹெட்செட்டையே தடை செய்யுங்கள்" என்கிறார்கள். சிலர் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான்" என்று கையை விரிக்கிறார்கள். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

தடை செய்யச் சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. லயன் அறையில் இருந்து படித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் கைக்குழந்தை, பலகைத் தடுப்புக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பேச்சு. 2020இல் கொரோனா வந்து பாடசாலை போனுக்குள் போனபோது பல பிள்ளைகளுக்கு அந்த ஹெட்செட்தான் வகுப்பறைச் சுவராக இருந்தது. அதைப் பிடுங்குவது நியாயமல்ல. சரியானதை வாங்கிக் கொடுப்பதும், எங்கே கழற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதும்தான் நம் வேலை.

தலையில் மாட்டும் ஹெட்செட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் பின்புறம் வலை போலத் திறந்திருக்கும். அமைதியான அறையில் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்து சீட்டுக்குக் கேட்கும். மற்றது பின்புறம் முழுதாக மூடியது. பஸ்ஸிலும் கோச்சியிலும் லயத்திலும் கேட்பவருக்கு இந்த மூடிய வகைதான் பொருத்தம்.

காரணம், வொலியூம். வெளிச்சத்தம் உள்ளே வந்தால் கை தானாகவே சத்தத்தைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை பெரியவர்களுக்கு வாரம் 40 மணித்தியாலம் 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 83இல் 20 மணித்தியாலம், 86இல் 10, 89இல் வெறும் 5. அதுவும் பெரியவர்களின் காதுக்கு. சத்தத்தால் கெட்ட உட்காதின் நுண்ணிய மயிர்க்கலங்கள் மறுபடி முளைப்பதில்லை. காது அல்லாஹ் தந்த அமானிதம். கடையில் மாற்றி எடுக்க முடியாது.

அடுத்தது, நம்மை ஏமாற்றும் பெட்டிகள். பெரிய கம்பெனியின் பெயரை அச்சடித்து ஆயிரம் ரூபாவுக்கு விற்றால் அது அந்தக் கம்பெனியின் பொருள் அல்ல. இது தெரிந்தும் பெயருக்காக வாங்குகிறோம். பெட்டியில் "ஈஎன்சி" என்று போட்டிருந்தால் வெளிச்சத்தம் உங்களுக்குக் கேட்காது என்று அர்த்தமில்லை. நீங்கள் போனில் பேசும்போது மறுமுனையில் இருப்பவருக்கு இரைச்சல் குறையும், அவ்வளவுதான். பஸ் எஞ்சினின் உறுமலை உங்கள் காதில் குறைப்பது "ஏஎன்சி". அதற்கு விலையும் கூட, சார்ஜும் வேண்டும். "எக்ஸ்ட்ரா பேஸ்" பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த அதிர்வுக்குள் ஆங்கிலத்தின் எஸ், எப் ஒலிகள் அமுங்கிப் போகும். மொழி படிக்கிற பிள்ளைக்கு அது நட்டம்.

யூடியூப்பைப் பார்த்துவிட்டு ஓடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ், சோனி எம்டிஆர் 7506 என்று கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல பொருட்கள்தான், மூடிய வகைதான். ஆனால் அவை ஸ்டூடியோவுக்குச் செய்தவை. சோனியின் சுருள் வயரை இழுத்தால் மூன்று மீற்றர் வரும், பஸ்ஸில் அதை எங்கே வைப்பது? பேயர்டைனமிக் டிடி 770இல் 250 ஓம் வகையைச் சாதாரண போனில் போட்டால் சத்தம் போதாது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கை மனதில் வைத்துப் பிள்ளையும் கேட்க வேண்டும், நாமும் வாங்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை இவைதான். கப் காதைச் சுற்றி முழுதாக அமர வேண்டும். பாட்டுப் போடாமல் மாட்டி, கடைக்காரரைப் பேசச் சொல்லுங்கள். அவர் குரல் நன்றாக அமுங்கினால் சரி. பத்து நிமிடம் மாட்டி வைத்துப் பாருங்கள், தலையை இறுக்கினால் வேண்டாம். வயர் உள்ளதென்றால் 32 ஓம் அளவில் இருக்கட்டும். கழற்றி மாற்றக்கூடிய வயரும் மெத்தையும் இருந்தால் இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கும். முதலில் உங்கள் போனில் வயர் குத்தும் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

பர்தா அணியும் நம் பெண் பிள்ளைகளுக்கும் கண்ணாடி போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. துணிக்கு மேலே மாட்டினால் இடைவெளி விழும், மூடிய ஹெட்செட்டும் திறந்தது போலாகி வொலியூம் கூடும். துணிக்கு உள்ளே மாட்டுங்கள். அல்லது காதுக்குள் ரப்பர் முனையோடு இறுக்கமாக அமரும் சின்ன வகையை வாங்குங்கள். கண்ணாடி போடுபவர்கள் மெல்லிய பிரேமோடு மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது. நல்ல ஹெட்செட் என்றால் வெளியே நடப்பது கேட்காது. அதனால்தான் அது ரோட்டில் ஆபத்து. 2023 ஜனவரி 20ஆம் திகதி ரதெல்ல குறுக்கு வீதியில் ஏழு உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அதற்கும் ஹெட்செட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த இறக்கத்தில் ஒரு பஸ் கட்டுப்பாடு இழந்து வந்தால் ஹோன் சத்தத்தைத் தவிர நமக்கு வேறு எச்சரிக்கை இல்லை. மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாத ஊர் இது. இங்கே பாதி நேரம் காதுதான் நமக்குக் கண். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படியும் குற்றம்.

எனவே வீட்டில் ஒரு சட்டம் போடுவோம்: உட்கார்ந்தால் மாட்டு, நடந்தால் கழற்று. முதலில் பெரியவர்கள் நாம் அதைச் செய்து காட்டுவோம். பைக்கில் ஹெல்மெட்டுக்குள் ஹெட்செட் போடும் வாப்பாமாரும் அப்பாமாரும் பிள்ளைக்குப் புத்தி சொன்னால் எடுபடாது.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம். வாசித்தவர்கள் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.