முடுக்கு வாசலைப் பூட்டினா போதுமா?

போன தடவை ஊருக்குப் போனப்ப ஒரு தப்பு பண்ணிட்டு வந்தேன். பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் வெளிய சொல்லவே கூச்சப்படணும். இருந்தாலும் சொல்றேன். உங்க வீட்டுக் கணினியிலயும் இதே கூத்து நடந்திருக்கலாம்.

வாப்பா கொழும்புல வியாபாரம் பார்த்த காலத்துல உம்மாவுக்கு எழுதின கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில இருக்கு. ராத்தா அதையெல்லாம் ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி, வீட்டு விண்டோஸ் கணினியில சி டிரைவுல நேரா ஒரு ஃபோல்டர் போட்டு வச்சிருந்தாங்க. அந்தக் கணினியில மூணு அக்கவுண்ட். எனக்கு ஒண்ணு, ராத்தாவுக்கு ஒண்ணு, ராத்தா பசங்களுக்கு ஒண்ணு. "பசங்க கை வைக்காம பண்ணிக் குடு தம்பி"ன்னாங்க.

ஆபீஸ்ல நாள் பூரா யுனிக்ஸ்ல புடுங்குற ஆணிதானே இது? விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல் என் அக்கவுண்ட்ல இருந்துச்சு. அதைத் திறந்தேன். 'குடும்பம்'னு ஒரு குரூப் உருவாக்கி, ஃபோல்டரை அதுக்கு மாத்தி, சிஎச்மாட் 2770 கொடுத்தேன். உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு அனுமதி, மத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. முன்னாடி இருக்கற 2 எதுக்குன்னா, உள்ள புதுசா வர்ற ஃபைலும் அதே குரூப்புக்குப் போகணும்னு.

ஒண்ணும் மாறல. எல்லாமே 777-ன்னே காட்டுச்சு. காரணம் தெரிஞ்சதுதான். விண்டோஸ் டிரைவை டபிள்யூஎஸ்எல் மவுண்ட் பண்றப்ப 'மெட்டாடேட்டா'ங்கற ஆப்ஷன் இல்லைன்னா சிஎச்மாட் சத்தமே போடாம சும்மா இருந்துடும். இந்த வசதி 2018-ல பரவலா வந்தது. டபிள்யூஎஸ்எல் கான்ஃப் ஃபைல்ல அதைச் சேர்த்து, மொத்தமா ஷட்டவுன் பண்ணித் திறந்து, மறுபடி அதே கமாண்டுகளைக் கொடுத்தா, ஆஹா, 2770! "பூட்டியாச்சு ராத்தா"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு போன். மருமகன் கேம் போட இடம் பத்தலைன்னு அந்த ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடிச்சிருக்கான், அவன் அக்கவுண்ட்ல இருந்தே. "பூட்டிட்டேன்னுதானே தம்பி சொன்னே?" அவ்வளவுதான் கேட்டாங்க. திட்டியிருந்தா தேவலை.

எங்க ஊர் வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். தெருப்பக்கம் ஒரு வாசல், பொம்பளைங்க போக வர முடுக்குப் பக்கம் ஒரு வாசல். நான் முடுக்கு வாசலை மட்டும் பூட்டிட்டு வந்திருக்கேன். தெருவாசல் தொறந்தே கெடந்திருக்கு.

எப்படின்னா, விண்டோஸ் என்டி 1993-ல வந்தப்பவே அதுக்குன்னு தனி முறை வச்சிருந்தது. யுனிக்ஸ் மாதிரி உரிமையாளர், குரூப், மத்தவங்கன்னு ஒன்பது பிட் இல்லை. யார் யாருக்கு என்ன அனுமதின்னு எழுதி வைக்கிற ஒரு பட்டியல். ஏசிஎல்ம்பாங்க. நான் போட்ட 2770 அந்தப் பட்டியல்ல ஏறவே இல்லை. ஃபைலோட ஒட்டின ஒரு குறிப்பா மட்டும் சேமிச்சு வச்சிருக்கு. அதை லினக்ஸ் படிக்கும், விண்டோஸ் கண்டுக்காது. அதுக்கு மேல, சி டிரைவுல நேரா ஃபோல்டர் போட்டா, லாகின் பண்ற யாரும் மாத்தலாம் அழிக்கலாம்ங்கறதுதான் வழக்கமா வர்ற அனுமதி. இன்னும் கேளுங்க. டபிள்யூஎஸ்எல் ஒவ்வொரு விண்டோஸ் அக்கவுண்டுக்கும் தனித்தனி. என் 'குடும்பம்' குரூப்புல ராத்தாவே கிடையாது. நான் மட்டும் இருந்த குடும்பம் அது :-(

சரியான வழி என்ன? குரூப்பை விண்டோஸ்ல உருவாக்கணும். ஹோம் எடிஷன்ல அதுக்கான ஜன்னல் இருக்காது, ஆனா அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து நெட் லோக்கல்குரூப் அடிச்சா வேலை நடக்கும். அப்புறம் ஐகேக்கிள்ஸ் வச்சு, மேல இருந்து வாரிசா வர்ற அனுமதியை வெட்டிட்டு, குரூப்புக்கு மட்டும் கொடுக்கணும். குரூப்புல சேர்த்த ஆள் லாக்அவுட் பண்ணித் திரும்ப உள்ள வரணும். அதுவரைக்கும் பழைய அடையாளம்தான் செல்லும். இந்த ஒரு விஷயத்துல லினக்ஸும் விண்டோஸும் ஒத்துமை.

இப்ப என் கருத்து. நம்மாளுங்க பர்மிஷன் பிரச்சனைன்னா ரெண்டு விதமா நடந்துக்கறோம். ஒண்ணு, 777 போட்டுட்டுப் போயிடறது. அதைத் தப்புன்னு எல்லாரும் சொல்றோம். இன்னொண்ணு நான் பண்ணினது. திரையில சரியான நம்பர் தெரிஞ்சா வேலை முடிஞ்சதுன்னு நம்பறது. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் மோசம். 777 போட்டவனுக்குக் கதவு தொறந்திருக்குன்னாவது தெரியும். நம்பர்ங்கறது ஒரு அறிவிப்புப் பலகை மட்டும்தான். அதை மதிச்சு ஆளைத் தடுக்கறது யாருன்னு கேக்கணும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். யாரைத் தடுக்கணுமோ அவங்க அக்கவுண்ட்ல போய் ஒரு டம்மி ஃபைலை அழிச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் செய்யல.

பூட்டு இருந்தா போதும்னும் நினைக்காதீங்க. அட்மின் நினைச்சா எந்த ஃபோல்டரையும் தன் பேருக்கு மாத்திக்கலாம். பென்டிரைவுல எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் இருந்தா அனுமதிங்கற பேச்சே கிடையாது. பேக்கப் வேணும். எங்க கணினியில எஸ்எஸ்டி இருந்ததால அழிஞ்சதை மீட்கற சாஃப்ட்வேரும் கையை விரிச்சிடுச்சு.

ராத்தா மறுபடி தகரப்பெட்டியைத் திறந்து முதல்ல இருந்து ஸ்கேன் பண்ணிட்டாங்க. ரெண்டு கடிதம் மட்டும் இல்லை. ஸ்கேன் ஆனதுக்கு அப்புறம் அதைச் செல்லரிச்சிடுச்சு. ஒண்ணு நான் பொறந்த சேதி கேட்டு வாப்பா எழுதினது. அப்புறமா படிச்சுக்கலாம்னு வச்சிருந்தேன்.

டிஸ்கி: மருமகனை யாரும் திட்டாதீங்க. கதவு தொறந்திருந்துச்சு, அவன் போனான். தொறந்து வச்சவன் நான்.